அமெரிக்க சமுதாயக் கல்லூரிக்கு என்எஸ்எஃப் ஏடிஇ மானியம்: முதல் விண்ணப்பத்துக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஈராண்டுக் கல்லூரிகள், அதாவது கம்யூனிட்டி காலேஜ்கள், அறிவியல் தொழில்நுட்பப் படிப்புகளை மேம்படுத்த நாடக்கூடிய மத்திய அரசு மானியங்கள் பல உண்டு. முதல்முறை விண்ணப்பிக்கும் சிறிய கல்லூரிக்கு அவற்றில் ஏற்ற வாசல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்எஸ்எஃப்) 'அட்வான்ஸ்டு டெக்னலாஜிக்கல் எஜுகேஷன்' திட்டம். சுருக்கமாக ஏடிஇ. 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் அடிப்படையில் உருவான இந்தத் திட்டத்தில், ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் நிழலில் நிற்காமல் சமுதாயக் கல்லூரி ஆசிரியரே தலைமை ஏற்கலாம். அங்கே கற்பிக்கும் தமிழர்களும், கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்களும், ஆலோசனைக் குழுக்களில் உட்காரும் பொறியாளர்களும் இதை முறையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது கருவி வாங்கித் தரும் மானியம் அல்ல. உள்ளூர்த் தொழிற்சாலைக்கோ ஆய்வகத்துக்கோ தேவைப்படும் டெக்னீஷியனை உருவாக்கும் மானியம். "எங்களுக்கு ஒரு ரோபோ வேண்டும்" என்று ஆரம்பிக்கும் முன்மொழிவு தோற்கும். "எங்கள் மாவட்டத்தில் ரோபோவைப் பழுதுபார்க்க ஆள் இல்லை, அந்த வேலைக்கு இன்னின்ன திறன்கள் வேண்டும், அவற்றில் பாதியை நாங்கள் கற்பிப்பதில்லை" என்று ஆரம்பிக்கும் முன்மொழிவை பரிசீலகர்கள் கவனமாகப் படிப்பார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்தே கிளைக்கிறது.

பொருத்தம் பார்த்தல்

மேம்பட்ட உற்பத்தி, உயிர்த்தொழில்நுட்பம், வேளாண் தொழில்நுட்பம், ஆற்றல், சுற்றுச்சூழல், சைபர் பாதுகாப்பு, நானோ, ஒளியியல் போன்ற துறைகளில் டெக்னீஷியன் கல்வி என்றால் கதவு திறந்திருக்கிறது. மருத்துவமனை டெக்னீஷியன்களை உருவாக்குவதே முக்கிய நோக்கம் என்றால் ஏடிஇ ஏற்காது. உயிர்த்தொழில்நுட்ப உற்பத்திக்கும் மருத்துவப் பரிசோதனைக்கூடத்துக்கும் நடுவே நிற்கும் படிப்புகள் இந்த இடத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன. உங்கள் மாணவர் படிப்பை முடித்து எந்த நிறுவனத்தின் வாசலுக்குப் போவார் என்று பாருங்கள். ஆஸ்பத்திரி என்றால் வேறு மானியம் தேடுங்கள்.

ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பதே நோக்கம் என்றால் அதற்குரியது அதே அறக்கட்டளையின் எஸ்-ஸ்டெம் திட்டம். எச்-1பி விசா மனுக்களுக்கு நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தின் ஒரு பகுதிதான் அந்தத் திட்டத்துக்கான நிதி. தமிழ்நாட்டிலிருந்து போன ஐடி ஊழியர்களின் மனுக்களோடு கட்டப்பட்ட பணமும் இப்படி ஏதோ ஒரு அமெரிக்க மாணவரின் கல்விக் கட்டணமாகிறது. தொழிற்கல்விப் பிரிவுக்கு அன்றாடக் கருவி, மென்பொருள் உரிமம் போன்றவை மட்டும் போதுமென்றால், மாநிலம் வழியாக வரும் பெர்கின்ஸ் நிதியை முதலில் கேட்டுப் பாருங்கள். அதற்கான விண்ணப்பம் இதைவிட எளிது.

ஏடிஇக்குள் பல பிரிவுகள் உண்டு. அண்மைய ஆண்டுகளில் ஏடிஇ மானியம் பெறாத வளாகங்களுக்கென்றே 'நியூ டு ஏடிஇ' பிரிவு இருக்கிறது. பெரிய கல்லூரிகளோடு மோதாமல் இங்கே போட்டியிடலாம். இதன் உச்சவரம்பு 2014 அறிவிப்பில் 2 லட்சம் டாலர், 2021 அறிவிப்பில் 3.5 லட்சம், பிறகு மேலும் உயர்ந்தது. காலம் மூன்று ஆண்டுகள் வரை. விண்ணப்பிக்கும் ஆண்டில் நடப்பிலுள்ள அறிவிப்பின் எண்ணைப் பார்த்து, அதிலுள்ள தொகையையே நம்புங்கள். நண்பர் கல்லூரியின் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் பழைய வரம்பையும் பழைய விதிகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

உச்சவரம்பு வரை கேட்டே ஆகவேண்டும் என்றும் இல்லை. வேலைக்கு 2.8 லட்சம் போதும் என்றால் 2.8 லட்சமே கேளுங்கள். தொகையை நிரப்புவதற்காகச் சேர்த்த செலவு வாசிப்பவர் கண்ணில் உடனே படும்.

ஓராண்டுக்கு முன்பே செய்ய வேண்டியவை

கடைசி நாள் வழக்கமாக அக்டோபரின் முதல் வியாழக்கிழமை, உங்கள் உள்ளூர் நேரப்படி மாலை 5 மணி. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

முந்தைய குளிர்காலத்திலேயே மூன்று பதிவுகளைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, மத்திய அரசு நிதி பெறும் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் சாம் டாட் கவ் தளத்தில் கல்லூரியின் பதிவும், யூஇஐ எனப்படும் 12 எழுத்து அடையாள எண்ணும். இந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். செப்டம்பரில் காலாவதியானது தெரியவந்தால், சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை என்ற காரணத்துக்காக மட்டுமே வாரக்கணக்கில் இழுத்துவிடும். இரண்டாவது, விண்ணப்பம் அனுப்பும் ரிசர்ச் டாட் கவ் தளத்தில் கல்லூரிக்கும் முதன்மை ஆய்வாளருக்கும், அதாவது பிஐக்கும், கணக்கு. மூன்றாவது, கல்லூரி சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்ற அலுவலர் யார் என்பது. பல சிறிய கல்லூரிகளில் அந்தப் பொறுப்பு எப்போதோ ஓய்வுபெற்றவர் பெயரிலேயே கிடக்கும். பிஐயால் தானே அனுப்பிவிட முடியாது. அந்த அலுவலர் பொத்தானை அழுத்தினால்தான் விண்ணப்பம் போகும்.

முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு மென்டர்-கனெக்ட் என்ற வழிகாட்டும் திட்டம் இருக்கிறது. தென் கரோலினாவின் ஃபிளாரன்ஸ்-டார்லிங்டன் டெக்னிக்கல் காலேஜ் தலைமையில் 2012 முதல் நடக்கிறது. மானியம் வென்ற அனுபவமுள்ள ஒருவரை உங்கள் குழுவுக்கு வழிகாட்டியாகத் தருவார்கள். அதில் சேரவும் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் ஓராண்டுக்கு முன்பே. மானியம் எழுதித் தரக் கூலிக்கு ஆள் பிடிப்பதைவிட இது பல மடங்கு மேல் என்பது எங்கள் கருத்து. கூலி எழுத்தாளர் ஆங்கிலத்தைச் சீராக்குவார். உங்கள் பாடத்திட்டத்தில் எந்த செமஸ்டரில் என்ன குறை என்பதை அவரால் எழுத முடியாது.

அதே காலத்தில் அறக்கட்டளையின் மானியத் தேடல் பக்கத்தில் உங்கள் துறையில் நிதி பெற்ற திட்டங்களின் சுருக்கங்களைப் படியுங்கள். ஏற்கெனவே நிதி பெற்ற பாடப்பொருள்கள் ஏடிஇ சென்ட்ரல் தொகுப்பில் இருக்கின்றன. ஆஸ்டின் சமுதாயக் கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பத்துக்கும், டெக்சாஸின் காலின் காலேஜில் கணினி வலையமைப்புத் துறைகளுக்கும் ஏடிஇ மையங்கள் வளர்ந்திருக்கின்றன. அங்கே இருப்பதையே புதிதாக எழுதப்போகிறோம் என்று சொல்லும் முன்மொழிவுக்கு, "ஏன் இருப்பதை எடுத்துத் தகவமைக்கவில்லை?" என்ற கேள்வி கட்டாயம் வரும். தகவமைப்பது குறைவான வேலை என்று யாரும் நினைப்பதில்லை. இந்தச் சிறிய பிரிவில் அதுவே வரவேற்கப்படும் அணுகுமுறை.

முதலாளிகளைக் கேட்டல்

பெரும்பாலான கல்லூரிகளில் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கூடும், சாப்பாடு போடுவார்கள், டீன் ஸ்லைடு காட்டுவார், எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஏடிஇக்கு அது போதாது. காலின் காலேஜ் வட்டாரத்தில் உருவாகிப் பரவிய பில்ட் என்ற முறையில் நிறுவனங்களின் பிரதிநிதிகளே பாடத்திட்டத்தின் திசையைத் தீர்மானிக்கிறார்கள். முன்மொழிவு எழுதும் முன்பே அதை ஒருமுறை நடத்திப் பாருங்கள்.

செய்முறை இதுதான். மனிதவளத் துறையினரை அழைக்காமல், டெக்னீஷியன்களை நேரடியாக மேற்பார்வையிடும் எட்டுப் பத்துப் பேரை அழையுங்கள். பராமரிப்பு மேற்பார்வையாளர், ஆய்வக மேலாளர், நெட்வொர்க் தலைவர் போன்றவர்கள். ஒரு வேலையைத் தேர்ந்து, அதற்கான அறிவு, திறன், செய்யும் ஆற்றல் ஆகியவற்றை வரிவரியாக எழுதிய பட்டியலை முன்கூட்டியே அனுப்புங்கள். ஒவ்வொரு வரிக்கும், அடுத்த 12 முதல் 36 மாதங்களில் புதிதாகச் சேரும் ஆளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒருவர் 4 போட்ட இடத்தில் இன்னொருவர் 1 போட்டால் அங்கேதான் பேச்சை நிறுத்திக் கேட்க வேண்டும். அந்த விவாதத்தில் வெளிவரும் விவரங்கள் எந்தப் புள்ளிவிவர அறிக்கையிலும் கிடைக்காது.

பிறகு ஆசிரியர்கள் ஓர் அட்டவணை போட வேண்டும். இடப்பக்கம் 3, 4 வாங்கிய திறன்கள், மேலே உங்கள் பாடங்கள். எந்தத் திறன் எந்தப் பாடத்தில் அறிமுகமாகிறது, எதில் பயிற்சி, எதில் தேர்வு? காலியாகக் கிடக்கும் கட்டங்கள்தான் உங்கள் திட்டம். இந்த அட்டவணையின் சுருக்கம் விண்ணப்பத்தில் அரைப் பக்கம் எடுத்தாலும் இடம் வீணாகாது.

எண்களும் வேண்டும். தொழிலாளர் புள்ளியியல் துறை, உங்கள் மாநிலத் தொழிலாளர் துறை, கல்லூரி சந்தா கட்டியிருந்தால் லைட்காஸ்ட் என்ற வேலைச்சந்தைத் தரவுச் சேவை ஆகியவற்றிலிருந்து உங்கள் வட்டாரத்தின் வேலை எண்ணிக்கையையும் ஊதியத்தையும் எடுங்கள். நாடு முழுவதுக்குமான எண்ணை மட்டும் கொடுத்தால், உங்கள் ஊருக்கு என்ன என்று கேட்பார்கள்.

15 பக்க விவரிப்பு

திட்ட விவரிப்பின் எல்லை 15 பக்கம். எப்படிப் பிரிப்பது என்பதில் விதி இல்லை. தேவைக்கும் ஆதாரத்துக்கும் மூன்று பக்கம், நோக்கங்களுக்கு ஒன்று, செயல்பாடுகளுக்கும் கால அட்டவணைக்கும் ஐந்து, குழுவுக்கும் நிர்வாகத்துக்கும் ஒன்றரை, மதிப்பாய்வுக்கு இரண்டு, பரப்புதலுக்கும் நீடிப்புக்கும் மிச்சம் என்று ஆரம்பித்தால் சமன் கெடாது. இதற்கு முன் என்எஸ்எஃப் நிதி பெற்றவர் குழுவில் இருந்தால் அதன் பலன்களையும் இதே பக்கங்களுக்குள் சொல்ல வேண்டும்.

நோக்கங்களை அளக்கக்கூடியதாக எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற அடிப்படை எண் இல்லாமல் "சேர்க்கையை 50 சதவீதம் கூட்டுவோம்" என்று எழுதினால் அதற்கு எடை இல்லை. 14 பேர் சேரும் படிப்பில் மூன்றாம் ஆண்டுக்குள் 22 பேர் என்பது நம்பத்தக்க இலக்கு. 80 பேர் என்று எழுதினால் ஆய்வகத்தில் அத்தனை இருக்கைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

கால அட்டவணையில் அடிக்கடி விழும் ஓட்டை பாட ஒப்புதல். புதிய பாடம் கல்லூரிப் பாடத்திட்டக் குழுவைத் தாண்ட வேண்டும். புதிய சான்றிதழ் படிப்பு என்றால் பல மாநிலங்களில் மாநில அமைப்பையும் தாண்ட வேண்டும். இதற்கே ஓராண்டு போய்விடலாம். மானியம் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் புதிய படிப்பில் மாணவர் சேர்க்கை என்று எழுதியவர்களுக்கு இது தெரியாது என்பது பரிசீலகருக்கு உடனே விளங்கும். அவர்களில் பலர் உங்களைப் போலவே சமுதாயக் கல்லூரி ஆசிரியர்கள். முதலாண்டில் பழைய பாடங்களுக்குள் புதிய பகுதிகளைச் செருகுவது, கருவி கொள்முதல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை வையுங்கள். புதிய சான்றிதழை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

விவரிப்புக்குள் 'பிராடர் இம்பாக்ட்ஸ்', அதாவது சமூகத்துக்குக் கிடைக்கும் பரந்த தாக்கம், என்ற தலைப்பில் தனிப் பகுதி இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. 2025 ஏப்ரலில் அறக்கட்டளை தன் முன்னுரிமைகளை மாற்றி அறிவித்தது, நடப்பிலிருந்த நூற்றுக்கணக்கான மானியங்களையும் இடையில் நிறுத்தியது. கல்விப் பிரிவு கடுமையாக அடிபட்டது. பழைய முன்மொழிவுகளில் குறிப்பிட்ட சமூகப் பிரிவினரை இலக்காக வைத்து எழுதிய வாசகங்களை அப்படியே எடுத்தாளாமல், நடப்பு முன்னுரிமைப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். வாய்ப்பு எல்லோருக்கும் திறந்திருப்பதையும், உங்கள் வட்டாரம், கிராமப்புற நிலை, வருமான நிலை ஆகியவற்றையும் உண்மையான எண்களோடு காட்டலாம்.

பட்ஜெட்

இங்கேதான் நல்ல யோசனைகள் பல வீணாகின்றன. மெக்கட்ரானிக்ஸ் படிப்புக்கான மூன்றாண்டுக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

பிஐக்கு ஒரு பாடச்சுமை விடுவிப்பு, ஆண்டுக்கு 12,000 வீதம் 36,000 டாலர். இணை பிஐக்கு 18,000. பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்கு 45,000. சம்பளம் மொத்தம் 99,000. சம்பளத்தோடு சேரும் சலுகைகள் 28 சதவீதம் என்றால் 27,720. பயிற்சிக் கருவித் தொகுதிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 35,000 வீதம் 70,000. சென்சார், கேபிள், சிறு பொருட்கள் 20,000. வாஷிங்டனில் நடக்கும் ஏடிஇ முதன்மை ஆய்வாளர் மாநாட்டுக்கு ஆண்டுக்கு இருவர், 15,000. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பத்துப் பேருக்குக் கோடைப் பயிலரங்கு உதவி, ஆளுக்கு 600 வீதம் மூன்று கோடைகளுக்கு 18,000. வெளி மதிப்பாய்வாளருக்கு 24,000. பரப்புரைப் பொருட்களுக்கு 6,000. நேரடிச் செலவு 2,79,720 டாலர்.

அடுத்தது மறைமுகச் செலவு, அதாவது கல்லூரியின் நிர்வாகம், கட்டடம் போன்ற பொதுச் செலவுகளுக்கான பங்கு. கல்லூரிக்கு மத்திய அரசோடு ஒப்பந்த வீதம் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நடப்பில் அப்படி ஒப்பந்த வீதம் இல்லையென்றால் குறைந்தபட்ச வீதத்தை எடுக்கலாம். 2024 அக்டோபர் 1 முதல் அது 10லிருந்து 15 சதவீதமாகியிருக்கிறது. அந்த 15ஐ மொத்தத்தின் மேல் போடக்கூடாது. கருவியையும் பங்கேற்பாளர் உதவியையும் (இங்கே கோடைப் பயிலரங்கு உதவி) கழிக்க வேண்டும். 2,79,720லிருந்து 70,000ஐயும் 18,000ஐயும் கழித்தால் 1,91,720. அதில் 15 சதவீதம் 28,758. மொத்தம் 3,08,478 டாலர்.

பல சமுதாயக் கல்லூரிகளின் ஒப்பந்த வீதம் சம்பளத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. 40 சதவீதம் என்றால் 99,000க்கு 39,600. மொத்தம் 3,19,320 ஆகிவிடும். ஆகவே ஒப்பந்தக் கடிதத்தில் சதவீதத்தோடு நிறுத்தாமல், எதன் மேல் என்ற வரியையும் படியுங்கள்.

'கருவி' என்ற சொல்லுக்கும் வரையறை உண்டு. 2024 அக்டோபரில் மாறிய மத்திய விதிப்படி ஒரு பொருளின் விலை 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் இருந்து, ஓராண்டுக்கு மேல் உழைக்கக்கூடியதானால் அது கருவி. அதற்கு முன் வரம்பு 5,000. உங்கள் கல்லூரி இன்னும் பழைய வரம்பையே வைத்திருக்கலாம். கணக்குப் பிரிவிடம் கேளுங்கள். 7,000 டாலர் லேப்டாப் வண்டி ஒன்று எந்தப் பத்தியில் விழுகிறது என்பதைப் பொறுத்து மறைமுகச் செலவு மாறும்.

கல்லூரி தன் பங்காகப் பணம் போடுகிறோம் என்று பட்ஜெட்டிலோ விவரிப்பிலோ தொகை குறிப்பிட்டு எழுதக்கூடாது. தானாக முன்வந்து வாக்களிக்கும் பங்குச் செலவை என்எஸ்எஃப் தடைசெய்திருக்கிறது. பெருமைக்காக டீன் சேர்க்கச் சொல்லும் "கல்லூரி 50,000 டாலர் அளிக்கும்" என்ற வரியே விண்ணப்பத்தைக் கவிழ்க்கும். இருக்கும் ஆய்வகம், இடம், ஆள்பலம் ஆகியவற்றை வசதிகள் பகுதியில் தொகை இல்லாமல் எழுதுங்கள்.

பட்ஜெட் நியாயப்படுத்தலுக்கு ஐந்து பக்கம். ஒவ்வொரு வரிக்கும் எண்ணிக்கை, ஒற்றை விலை, எந்தச் செயல்பாட்டுக்கு என்பது இருக்கட்டும். முன்மொழிவில் ஒரு விற்பனையாளரின் பெயரைப் போட்டதால் மட்டும் டெண்டர் இல்லாமல் வாங்கும் உரிமை கிடைத்துவிடாது. கொள்முதல் விதி அப்படியே நிற்கும்.

வெளி மதிப்பாய்வாளர்

திட்டம் வேலை செய்கிறதா என்று சொல்ல வேண்டியவர் திட்டத்தை நடத்துகிறவராக இருக்கக்கூடாது. மதிப்பாய்வாளரை ஜூனுக்குள் பிடியுங்கள். மதிப்பாய்வுப் பகுதியை அவரோடு சேர்ந்து எழுதுங்கள். மொத்தத் தொகையில் 5 முதல் 10 சதவீதம் வரை ஒதுக்குவது வழக்கம். மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலுள்ள எவாலுவேட் மையம் ஏடிஇ திட்டங்களுக்கென்றே இலவச மாதிரிகளையும் சரிபார்ப்புப் பட்டியல்களையும் தருகிறது. "மாணவர் திருப்தி" என்ற கருத்துக்கணிப்போடு நின்றுவிடாதீர்கள். பாடம் முடித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் துறையில் வேலைக்குப் போனார்கள், பில்ட் குழு கேட்ட திறனை எத்தனை பேர் செய்து காட்டினார்கள் என்பவைதான் கேள்விகள். அந்தத் தரவு யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கல்லூரியின் புள்ளிவிவரப் பிரிவு தரும் என்று எழுதுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாணவர்களைப் பற்றிய தரவு சேகரித்து ஆய்வாக வெளியிடுவதென்றால் மனிதர் சார்ந்த ஆய்வுக்கான ஒப்புதல் குழு தேவை. பல ஈராண்டுக் கல்லூரிகளில் அப்படி ஒரு குழுவே இல்லை. பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு ஏற்பாடு செய்ய நேரம் பிடிக்கும்.

இணைப்புகளும் வடிவ விதிகளும்

திட்டச் சுருக்கம் ஒரே பக்கம், மூன்று பகுதி: மேலோட்டம், அறிவார்ந்த தகுதி, பரந்த தாக்கம். மூத்த குழுவினர் ஒவ்வொருவருக்கும் சயன்ஸ்-சிவி என்ற இணையத்தளம் வழியாகத் தயாரித்த தன்குறிப்பும், நடப்பு மற்றும் நிலுவை நிதிப் பட்டியலும். கூட்டாளிகள், பிற தொடர்புகள் அட்டவணை. தரவு மேலாண்மைத் திட்டம் இரண்டு பக்கத்துக்குள். ஏரியல் என்றால் 10 புள்ளிக்குக் குறையாத எழுத்து, டைம்ஸ் நியூ ரோமன் என்றால் 11. நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம்.

நிறுவனக் கடிதங்களில் புகழ்ச்சி வேண்டாம். "ஆண்டுக்கு நான்கு முறை குழுவில் அமர்வோம், இரண்டு மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி தருவோம்" என்பது போதும். எல்லாக் கடிதங்களும் ஒரே வாசகத்தில் இருந்தால் கல்லூரியே எழுதிக் கொடுத்தது பளிச்சென்று தெரிந்துவிடும்.

கோடைக்கு முன்பே ஒரு பக்கக் கருத்துக் குறிப்பை என்எஸ்எஃப் திட்ட அலுவலருக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். அது அனுமதிக்கப்பட்டது மட்டுமல்ல, அவர்கள் விரும்புவதும்கூட. கல்லூரியின் அறங்காவலர் கூட்டத்தில் ஒப்புதல் தேவையா, ஆகஸ்டில் அந்தக் கூட்டம் உண்டா என்பதையும் அப்போதே பாருங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால், தளம் காட்டும் பிழைகளைத் திருத்த நேரம் இருக்கும்.

அனுப்பிய பிறகு

பரிசீலனைகள் வரும், மிகச் சிறப்பு முதல் மோசம் வரை ஐந்து படித் தரத்தோடு. முடிவுக்குப் பொதுவாக ஆறு மாதம். நடுவில் திட்ட அலுவலரிடமிருந்து கேள்விகளோடு மின்னஞ்சல் வந்தால் நல்ல அறிகுறி. ஆனால் மானியம் உறுதியாகிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. கெடு சில நாட்களே இருக்கும். விடுமுறையில் பிஐ இல்லாவிட்டாலும் இணை பிஐ பதில் தயாரிக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

மறுக்கப்பட்டால் பரிசீலனைகளையும் குழுச் சுருக்கத்தையும் ஒரு வாரம் கழித்து மறுபடி படியுங்கள். பிறகு திட்ட அலுவலரிடம் பேச நேரம் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அதை வாதாடாமல் திருத்துங்கள். ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், புரியும்படி எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டு அந்தப் பத்தியை மாற்றுங்கள். அடுத்த அக்டோபரில் மீண்டும் அனுப்பத் தடையில்லை.

கிடைத்துவிட்டால் முதல் மாதத்திலேயே கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு, புள்ளிவிவரப் பிரிவு மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். மானியத்தில் சம்பளம் பெறுகிறவர்களின் நேரப் பதிவு அன்றிலிருந்தே தொடங்க வேண்டும். பங்கேற்பாளர் உதவிப் பணத்தை அனுமதியில்லாமல் வேறு தலைப்புக்கு மாற்ற முடியாது. செலவழித்ததை மாதந்தோறும் கோரிப் பெறுங்கள். 2025இல் மானியங்கள் திடீரென்று நின்றபோது, கோராமல் தேக்கி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது தெரிந்தது. பிஐ கல்லூரியை விட்டுப் போனால் மாற்று ஆளுக்கு என்எஸ்எஃப் ஒப்புதல் வேண்டும். இணை பிஐ வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்டறிக்கை அந்த ஆண்டுக்காலம் முடிய 90 நாட்களுக்கு முன் போக வேண்டும். இறுதி அறிக்கையும் பொதுமக்களுக்கான பலன் அறிக்கையும் திட்டம் முடிந்து 120 நாட்களுக்குள். அறிக்கை நிலுவையில் இருந்தால் அதே பிஐயின் அடுத்த மானியமும் தேங்கிவிடும். கருவி தாமதமாக வந்து வேலை பின்தங்கினால், கூடுதல் பணம் இல்லாமல் ஒருமுறை 12 மாதம் வரை காலநீட்டிப்பு பெறலாம். கடைசி நாளுக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே அதைத் தெரிவித்துவிட வேண்டும்.